வேலையை விடாமல் உலக சுகாதாரக் கொள்கை படிப்பது எப்படி? தொலைநிலைக் கல்விக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1950களில் காசநோய் என்றால் சானடோரியம் எனப்படும் ஓய்வு மருத்துவமனைதான். படுக்கை, நல்ல காற்று, சத்தான சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு. இந்தியாவில் அன்றிருந்த நோயாளிகளுக்கு அத்தனை படுக்கைகளை எந்த அரசாலும் கட்டித் தந்திருக்க முடியாது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் நேரடியாக ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டது: மருந்தைக் கொடுத்து வீட்டிலேயே வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? 1959இல் விடை வெளிவந்தது. ஓராண்டு சிகிச்சைக்குப் பிறகு, நெருக்கடியான வீட்டில் போதாத சாப்பாட்டோடு இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகத் தேறியிருந்தார்கள். கூட வசித்த குடும்பத்தாருக்குத் தொற்று கூடுதலாகப் பரவவும் இல்லை. காசநோய்க்கு வீட்டுச் சிகிச்சை என்பது உலக வழக்கமாக மாறியதில் சென்னை ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

மருத்துவம் படித்தவர் இந்தக் கதையில் ஐசோனியசிட் மாத்திரையைப் பார்ப்பார். கொள்கை படிப்பவர் கேட்பது வேறு. உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கவுன்சில், இந்திய மருத்துவ ஆய்வுக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர்., சென்னை மாநில அரசு ஆகிய நான்கும் எப்படி ஒரே மேசைக்கு வந்தன? செலவு யாருடையது? பல ஆய்வுகள் நூலக அலமாரியிலேயே தங்கிவிடும்போது, இந்த ஆய்வு மட்டும் ஏன் நாட்டுத் திட்டமானது? உலக சுகாதாரக் கொள்கை என்ற படிப்பு இந்தக் கேள்விகளால் ஆனது. முடிவை எடுத்தவர் யார், பணம் யாருடையது, அந்த அறையில் இடம் கிடைக்காதவர் யார் என்று கண்டுபிடிக்கும் பயிற்சி இது.

இந்தப் படிப்புக்கு லண்டனிலோ ஜெனீவாவிலோ போய் உட்கார வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் செவிலியர், மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் பார்மசிஸ்ட், மாவட்டத் திட்ட அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர், சுகாதாரச் செய்தி எழுதும் நிருபர் ஆகியோர் எல்லாம் கொள்கை வந்து இறங்கும் இடத்தில் தினமும் நிற்கிறவர்கள். வேலையில் இருந்துகொண்டே படிப்பது அவர்களுக்கு ஒரு குறையல்ல. வகுப்பறையில் இருப்பவருக்குக் கிடைக்காத ஓர் ஆதாரம் அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இந்த வழிகாட்டி அவர்களுக்காக.

முதல் படி: பட்டம் வேண்டுமா, படிப்பு வேண்டுமா?

இதை முடிவு செய்யாமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தகுதி வழங்குவது பற்றி பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2025 ஏப்ரலில் கொண்டுவந்த விதிமுறைகள். நேரடி வகுப்பில் சேர்ந்து படித்த பட்டங்களையே அவை கணக்கில் எடுக்கின்றன. ஆன்லைனிலோ தொலைநிலையிலோ பெற்றவற்றை எடுப்பதில்லை. ஆகவே அரசுப் பணியில் பதவி உயர்வு, கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை, இங்குள்ள பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. சேர்க்கை ஆகியவற்றை மனதில் வைத்து வெளிநாட்டுத் தொலைநிலைப் பட்டம் ஒன்றில் சேர்வது பெரிய ஆபத்து. சேரும் முன் உங்கள் துறையிடமோ, நீங்கள் சேர நினைக்கும் பல்கலைக்கழகத்திடமோ எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது. மருத்துவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இது மருத்துவக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய உதவும் படிப்பு என்ற எண்ணத்தோடு சேராதீர்கள்.

தொண்டு நிறுவனங்கள், ஐ.நா. அமைப்புகள், சர்வதேச ஆலோசனைப் பணிகள், ஆய்வு மையங்கள் ஆகியவற்றில் நிலைமை வேறு. பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தினுடையது, நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதைத்தான் அங்கே முதலில் பார்ப்பார்கள். இருக்கும் வேலையையே நன்றாகப் புரிந்து செய்ய வேண்டும் என்பது மட்டும் நோக்கம் என்றால், பட்டமே தேவைப்படாமலும் போகலாம். அடுத்த படி அதைச் சொல்லிவிடும்.

இரண்டாம் படி: மூன்று மாதம் இலவசமாகப் படித்துப் பாருங்கள்

இந்தப் படிப்பைப் பாதியில் விடுகிறவர்கள் அறிவு போதாமல் விடுவதில்லை என்பது என் அபிப்பிராயம். நோய்களைப் பற்றிப் படிக்கப் போகிறோம் என்று நினைத்து வந்திருப்பார்கள். வந்த பிறகு ஒப்பந்தம், தீர்மானம், வரவுசெலவு, பேரம் என்று பக்கம் பக்கமாக வரும்போது மனம் சலித்துவிடும். அந்தச் சலிப்பு உங்களுக்கு வருமா என்பதைப் பணம் கட்டும் முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

முதல் மாதத்துக்கு அல்மா-அட்டா பிரகடனம். 1978 செப்டம்பரில் அன்றைய சோவியத் கஜகஸ்தானில் கூடிய மாநாட்டில் நிறைவேறியது. பத்தே பத்து பிரிவுகள். ஒரே மாலையில் படித்துவிடலாம். 2000ஆம் ஆண்டுக்குள் எல்லோருக்கும் ஆரோக்கியம் என்ற இலக்கை அது முன்வைத்தது. நோய்க்கு மருந்து கொடுப்பதோடு நிற்காமல் குடிநீர், உணவு, கல்வி, மக்கள் பங்கேற்பு எல்லாவற்றையும் அது ஆரம்ப சுகாதாரத்துக்குள் கொண்டுவந்தது. மறு வருடமே வால்ஷ், வாரன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், அத்தனையையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது, குறைந்த செலவில் அதிக உயிர்களைக் காக்கும் சில தலையீடுகளை மட்டும் முதலில் தேர்ந்தெடுப்போம் என்று எழுதினார்கள். யுனிசெஃப் 1980களில் தடுப்பூசி, உப்புசர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், வளர்ச்சிக் கண்காணிப்பு என்று நடந்த பாதை அதுதான். இரண்டு தரப்பையும் படித்துவிட்டு உங்கள் ஊர் சுகாதார நிலையத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே நடப்பதில் எது அல்மா-அட்டாவின் பிள்ளை, எது வால்ஷ் – வாரனின் பிள்ளை என்று ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதும்போது சுவாரசியம் கூடினால் இந்தத் துறை உங்களுடையது.

இரண்டாம் மாதம் மருந்தும் காப்புரிமையும். 1995இல் உலக வர்த்தக அமைப்போடு வந்த, காப்புரிமை விதிகளை வகுக்கும் டிரிப்ஸ் ஒப்பந்தம், அந்த விதிகள் மக்கள் நலனைக் காக்க நாடுகளுக்குத் தடையாகக் கூடாது என்ற 2001 நவம்பரின் டோஹா பிரகடனம், பழைய மருந்தில் செய்யும் சின்ன மாற்றத்துக்குக் காப்புரிமை மறுக்கும் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு, கிளிவெக் என்ற புற்றுநோய் மருந்து வழக்கில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஆகியவற்றை இந்த வரிசையிலேயே படியுங்கள். கூடவே 2012இல் சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்துக்கு நாட்கோ நிறுவனம் பெற்ற கட்டாய உரிமத்தையும், அதாவது காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே மருந்து தயாரிக்க அரசு தரும் அனுமதியையும் பாருங்கள். மாதத்துக்குச் சுமார் 2.8 லட்சம் ரூபாய் விற்ற மருந்துக்கு உரிம ஆணையில் வைத்த உச்ச விலை 8,880 ரூபாய். ஜெனீவாவில் எழுதப்பட்ட ஒரு வாசகம் ஒரு குடும்பம் நகையை அடகு வைப்பதையும் வைக்காமல் தப்பிப்பதையும் தீர்மானிக்கிறது என்பது இங்கே தெளிவாகத் தெரியும்.

மூன்றாம் மாதம் உலக சுகாதார நிறுவனத்தையே படியுங்கள். அதன் பேரவை ஆண்டுதோறும் மே மாதம் ஜெனீவாவில் கூடும். அமர்வுகளை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆவணங்கள் எல்லாம் இலவசம். 2025 மே 20 அன்று நிறைவேறிய பெருந்தொற்று ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குழு வாக்கெடுப்பில் 124 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு இல்லை, 11 நாடுகள் நடுநிலை. இவ்வளவு ஆதரவோடு நிறைவேறியும், நோய்க்கிருமி மாதிரிகளைப் பகிர்வதும் அதனால் வரும் தடுப்பூசி, மருந்துகளில் பங்கு தருவதும் பற்றிய பகுதியைத் தனி இணைப்பாக்கித் தள்ளிப்போட்டார்கள். ஏன்? விடை 2007இல் இந்தோனேசியாவில் இருக்கிறது. எங்கள் நாட்டுப் பறவைக்காய்ச்சல் கிருமியை வாங்கிக்கொண்டுபோய்த் தடுப்பூசி செய்து, எங்களுக்கு எட்டாத விலைக்கு விற்பீர்கள் என்றால் மாதிரி தர மாட்டோம் என்று அன்றைய சுகாதார அமைச்சர் சிதி ஃபாதிலா சுபாரி நின்றார். 2011இல் இன்ஃப்ளுயன்சாவுக்கு மட்டும் ஓர் உடன்பாடு வந்தது. மற்ற கிருமிகளுக்கு அந்தப் பழைய கேள்விதான் மீண்டும் மேசைக்கு வந்திருக்கிறது.

இவற்றோடு உலக சுகாதார நிறுவனத்தின் இலவச ஆன்லைன் பாடங்கள், கோர்செரா என்ற இணையக் கல்வித் தளத்திலும் இந்திய அரசின் ஸ்வயம் தளத்திலும் உள்ள பொது சுகாதாரப் பாடங்கள் ஆகியவற்றில் ஒன்றை முடித்துவிடுங்கள். ஒன்று போதும். சான்றிதழ் சேகரிப்பது படிப்பாகாது.

மூன்றாம் படி: எங்கே சேர்வது?

உலக சுகாதாரக் கொள்கை என்ற பெயரிலேயே தொலைநிலையில் முழு எம்.எஸ்சி. என்றால் பலரும் முதலில் பார்ப்பது லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் பாடத்தை. 1899இல் தொடங்கிய பள்ளி அது. தொலைநிலைப் பட்டங்களை லண்டன் பல்கலைக்கழகத்தின் வழியாக நடத்துகிறது. அந்தப் பல்கலைக்கழகமோ 1858இலிருந்தே வெளியூர் மாணவர்களைத் தேர்வெழுத அனுமதித்து வருகிறது. நமக்கு ஒரு தொடர்பும் உண்டு. குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம் அடைந்த இடங்கள் என்று ராக்கஃபெல்லர் அறக்கட்டளை 1985இல் சீனா, கோஸ்டாரிகா, கேரளம், இலங்கை ஆகியவற்றை எடுத்துக்காட்டியது. அந்த ஆய்வின் தொடர்ச்சியை 2011இல் இந்தப் பள்ளி வெளியிட்டபோது எடுத்துக்கொண்ட ஐந்து இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. மற்றவை வங்கதேசம், எத்தியோப்பியா, கிர்கிஸ்தான், தாய்லாந்து. தமிழ் வாசகர் அந்த அறிக்கையிலிருந்து தொடங்கினால் அந்நியம் என்ற உணர்வே வராது.

கொள்கையோடு தொற்றுநோயியலும் புள்ளியியலும் சேர்த்து வேண்டும் என்றால் பொது சுகாதார முதுநிலைப் படிப்பு, அதாவது எம்.பி.ஹெச்., பொருத்தமாக இருக்கும். மான்செஸ்டர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போன்ற பல்கலைக்கழகங்கள் ஆன்லைனில் நடத்துகின்றன. இந்தியாவுக்குள் படிக்க விரும்புகிறவர்கள் அந்த நிறுவனத்துக்கு அந்தப் பாடத்தை அந்த ஆண்டில் தொலைநிலையில் நடத்த அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் பட்டியலில் பார்த்துவிட்டுச் சேருங்கள். சுகாதாரம் சார்ந்த சில பாடங்களைத் தொலைநிலையில் நடத்தக் கூடாது என்று 2025இல் யு.ஜி.சி. தடை போட்டிருப்பதால் பழைய விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

பாடத்தின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். பாடப்பிரிவுகளின் பட்டியலை எடுத்து மூன்றைத் தேடுங்கள்: சுகாதார அமைப்புகளும் நிதியும், உலகமயமாதலும் வர்த்தகமும், கொள்கைப் பகுப்பாய்வு. மூன்றும் இல்லையென்றால் அது வேறு படிப்பு. பாடத்துக்கு டியூட்டர் உண்டா, அசைன்மென்டைத் திருத்திக் குறிப்போடு திருப்பித் தருவார்களா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைநிலைப் படிப்பில் நீங்கள் கொடுக்கும் பணத்தின் உண்மையான பயன் அந்தத் திருத்தக் குறிப்புகளில்தான் இருக்கிறது; பாடப் புத்தகம் எங்கும் கிடைக்கும்.

நான்காம் படி: பணமும் விண்ணப்பமும்

பிரிட்டன் முறையில் படிப்பின் அளவைக் கிரெடிட்டில் கணக்கிடுவார்கள்: சான்றிதழ் 60 கிரெடிட், டிப்ளமா 120, எம்.எஸ்சி. 180. முதலில் சான்றிதழுக்குச் சேர்ந்து, பிடித்திருந்தால் டிப்ளமா, அதன்பின் எம்.எஸ்சி. என்று ஏறிப்போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். பாடப்பிரிவு வாரியாகப் பணம் கட்டும் வசதி இருந்தால் அதையே எடுங்கள். பவுண்டு மாற்று விகிதமும் வங்கிக் கட்டணமும் சேர்ந்து தொகையைக் கூட்டும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே ஒதுக்கி வையுங்கள். தேர்வுக் கட்டணம் தனியா என்று கேட்க மறக்க வேண்டாம்.

காமன்வெல்த் தொலைநிலைக் கல்வி உதவித்தொகை இந்தத் துறைக்காரர்களுக்கு நல்ல வாய்ப்பு. எந்த நாட்டவர், எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடம் என்பது ஆண்டுதோறும் மாறும், பட்டியலைப் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதில் கேட்கப்படும் முக்கியமான கேள்வி, இந்தப் படிப்பால் உங்கள் நாட்டில் என்ன மாறும் என்பது. 'மக்களுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்' என்று எழுதினால் எல்லோரையும் போலத்தான் ஆகும். 'என் வட்டாரத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கு மாத இறுதியில் மெட்ஃபார்மின் தீர்ந்துபோகிறது. தேவையைக் கணிக்கும் முறையை நான் மாற்றியமைக்கப் போகிறேன்' என்று எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். சேர்க்கைக் கடிதத்துக்கும் இதே அறிவுரைதான். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், பட்டச் சான்று, இரண்டு பரிந்துரைகள் ஆகியவற்றை விண்ணப்பம் திறக்கும் முன்பே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: நேரம்

பிரிட்டன் கணக்கில் ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரப் படிப்பு. 180 கிரெடிட்டுக்கு 1,800 மணி நேரம். மூன்று ஆண்டில் முடிக்க நினைத்தால் வாரத்துக்குக் கிட்டத்தட்ட 12 மணி நேரம். வேலையும் குடும்பமும் உள்ளவருக்கு இது சாத்தியம்தான். ஆனால் வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து பேசி, யார் எந்த வேலையை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தால்தான் சாத்தியம். பெண்களுக்கு இந்தப் பேச்சு இன்னும் அவசியம். இரவு பத்து மணிக்கு மேல் மிச்சமிருக்கும் நேரத்தை மட்டும் நம்பி யாரும் மூன்று வருடம் படிக்க முடியாது. முதல் ஆண்டில் இரண்டே பாடப்பிரிவு எடுங்கள். பொங்கல், தீபாவளி, பிள்ளைகளின் பரீட்சை ஆகியவற்றை முதலிலேயே காலண்டரில் குறித்துவிட்டு, மீதியில் அசைன்மென்ட் தேதிகளைப் போடுங்கள்.

ஆறாம் படி: எப்படிப் படிப்பது

ஒரு கட்டுரையைக் கையில் எடுத்ததும் முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போய், ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார் என்று பாருங்கள். சந்தேகப்படுவதற்காகச் சொல்லவில்லை; இந்தத் துறையில் பணமே ஒரு பாடம் என்பதால் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் வரவுசெலவில், உறுப்பு நாடுகள் கட்டாயமாகக் கட்டும் சந்தா நீண்ட காலம் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருந்தது. மீதியில் பெரும்பகுதி இன்ன வேலைக்கு என்று குறிப்பிட்டுத் தரப்படும் நன்கொடை. கொடுப்பவர் விரும்பும் வேலைக்குப் பணம் இருக்கும், மற்றதற்கு இருக்காது. இதை மாற்றத்தான், அடிப்படை வரவுசெலவில் சந்தாவின் பங்கைப் படிப்படியாகப் பாதி அளவுக்கு உயர்த்துவது என்று 2022இல் பேரவை முடிவெடுத்தது. அமெரிக்கா விலகுவதாக 2025 ஜனவரியில் அறிவித்தபோது அந்த நிறுவனம் ஏன் அவ்வளவு ஆட்டம் கண்டது என்பது இந்தக் கணக்கு தெரிந்தவருக்கு உடனே விளங்கும்.

இரண்டாவது, ஒரு சட்டகத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். கில் வால்ட்டும் லூசி கில்சனும் 1994இல் தந்த கொள்கை முக்கோணம் எளிமையானது. கொள்கையில் என்ன சொல்லியிருக்கிறது, எந்தச் சூழலில், எந்த வழிமுறையில் வந்தது, யார் யார் பங்காளிகள் என்று நான்கையும் பிரித்துப் பார்க்கச் சொல்வார்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை இதில் வைத்துப் பாருங்கள். 1994இல் தொடங்கிய இந்தக் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை மையமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்பி, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் கொடுத்து அதன் வரம்புக்குள் மருந்து எடுக்கவிட்டது. பிற மாநிலங்கள் பின்னர் பின்பற்றிய முறை இது. சட்டகத்தில் வைக்கும்போது, அந்த ஆண்டுகளில் ஏன் அது சாத்தியமானது, பழைய கொள்முதல் முறையால் பயனடைந்தவர்கள் ஏன் தடுக்க முடியாமல் போனார்கள் என்று கேட்க வேண்டியிருக்கும். அந்தக் கேள்விகள்தான் படிப்பு.

ஜெரெமி ஷிஃப்மனும் ஸ்டெஃபனி ஸ்மித்தும் 2007இல் எழுதியதையும் இதோடு படியுங்கள். சில நோய்களுக்கு உலகத்தின் கவனமும் பணமும் குவிகின்றன. அதே அளவு உயிரைப் பறிக்கும் வேறு சில அநாதையாகக் கிடக்கின்றன. இதற்கு என்ன காரணம் என்பது அவர்கள் ஆராய்ந்த விஷயம். பாம்புக்கடி உலக சுகாதார நிறுவனத்தின் புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பட்டியலுக்கு வர 2017 ஆனது. கிராமத்து மருத்துவமனையில் வேலை செய்தவருக்கு இந்தக் கட்டுரை நெஞ்சைத் தொடும்.

குறிப்புகளைத் தமிழில் எடுங்கள் என்பது என் உறுதியான பரிந்துரை. ஆங்கிலத்தில் எடுத்தால் வாக்கியத்தை அப்படியே பெயர்த்து எழுதிவிட்டுப் புரிந்ததாக நினைத்துக்கொள்வோம். தமிழில் எழுத வேண்டுமென்றால் புரிந்தே ஆக வேண்டும். வேறொருவரின் சொற்கள் தெரியாமல் அசைன்மென்டுக்குள் நுழைந்துவிடும் ஆபத்தும் குறையும். மேற்கோள்களைச் சேர்த்து வைக்க ஜோடெரோ என்ற இலவச மென்பொருளை முதல் நாளிலிருந்தே பழகிக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: அசைன்மென்ட் எழுதுவது

நம் பள்ளி, கல்லூரிகளில் 'தெரிந்ததையெல்லாம் எழுது' என்று பழக்கிவிட்டார்கள். இங்கே அதற்கு மதிப்பெண் இல்லை. ஒரு நிலைப்பாட்டை எடுத்து, ஆதாரம் காட்டி, எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்லி எழுத வேண்டும்.

ஓர் உதாரணம். 'மருந்து விலையைக் குறைத்ததில் டோஹா பிரகடனத்தின் பங்கு என்ன?' என்பது கேள்வி. சாதாரண விடை டிரிப்ஸ் என்றால் என்ன என்று தொடங்கி, வரலாறு சொல்லி, டோஹா மிக முக்கியம் என்று முடியும். நல்ல விடை தேதிகளைப் பிரித்துப் பார்க்கும். ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் இருந்த எச்.ஐ.வி. கூட்டு மருந்தைச் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது 2001 பிப்ரவரியில். டோஹா வந்தது நவம்பரில். ஆக, முதல் வீழ்ச்சிக்குக் காரணம் டோஹா அல்ல. இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல் வைத்திருந்ததால் இங்கே வளர்ந்த ஜெனரிக் தொழில், அதாவது அதே மருந்தை மலிவாகத் தயாரிக்கும் தொழில்தான் காரணம். அப்படியென்றால் டோஹா வீணா? இல்லை. அந்த மருந்துகளை வாங்கும் நாடுகளுக்கு அது அரசியல் பாதுகாப்புத் தந்தது. ஆனால் சொந்தமாக மருந்து செய்ய முடியாத நாடுகளுக்காக அதன் ஆறாம் பத்தியிலிருந்து 2003இல் உருவாக்கிய ஏற்றுமதி முறை, கனடாவிலிருந்து ருவாண்டாவுக்குப் போன ஒரே ஒரு மருந்து விஷயத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. காகித வேலை அவ்வளவு. இப்படி எழுதினால் இரண்டே பக்கத்தில் ஒரு வாதம் உருவாகிவிடும்.

எழுதி முடித்தபின் இரண்டு நாள் தள்ளி வைத்து, வாய்விட்டுப் படியுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்த அளவுக்கு அனுமதிக்கிறார்கள் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுகிறது. விதியைப் படித்துவிட்டு அதன்படி நடந்துகொள்ளுங்கள். திருத்தக் குறிப்பு வந்ததும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மூடிவிடாமல், டியூட்டர் சுட்டிய ஒவ்வொரு குறையையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த அசைன்மென்டை அனுப்பும் முன் அந்த நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எட்டாம் படி: ப்ராஜெக்ட்

இங்கேதான் களத்தில் இருப்பவர் முன்னால் போகிறார். கேள்வி சின்னதாக இருக்கட்டும். 'இந்தியாவில் மனநலக் கொள்கை' என்பது ஆயுள் முழுக்க எழுதினாலும் தீராது. 'ஒரு மாவட்டத்தில் புகையிலை விளம்பரத் தடையைச் செயல்படுத்தும் பொறுப்பு எந்தெந்த அலுவலகங்களுக்கு, அவை ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன?' என்பது ஆறு மாதத்தில் முடியும். புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, இந்தியாவின் சட்டம் 2003இனுடையது. உலக ஆவணத்திலிருந்து டீக்கடைப் பலகை வரை ஒரே கோடாகப் பின்தொடர முடிகிற அரிய விஷயம் அது.

நோயாளிகளையோ ஊழியர்களையோ பேட்டி எடுப்பதாக இருந்தால் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு, இங்குள்ள நெறிமுறைக் குழு, உங்கள் அலுவலக மேலதிகாரி ஆகிய மூன்று இடங்களிலும் அனுமதி தேவைப்படும். மாதங்கள் ஓடிவிடும். காலம் குறைவு என்றால் அரசாணைகள், சட்டமன்றக் கொள்கை விளக்கக் குறிப்புகள், வரவுசெலவு ஆவணங்கள் ஆகியவற்றை மட்டும் வைத்தே வலுவான ப்ராஜெக்ட் செய்யலாம். தமிழ்நாடு அரசின் துறைவாரிக் கொள்கைக் குறிப்புகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. பத்து ஆண்டுக் குறிப்புகளை வரிசையாக வைத்து ஒரே திட்டத்தைப் பின்தொடர்ந்தால், பேட்டியில் யாரும் சொல்லாத விஷயங்கள் தென்படும்: எந்த ஆண்டு இலக்கு மாறியது, எந்த ஆண்டு ஒரு திட்டத்தின் பெயரே காணாமல் போனது என்று.

ப்ராஜெக்ட் ஏற்கப்பட்டதும் அதன் சாரத்தைத் தமிழில் நான்கு பக்கமாக எழுதி, அது யாருடைய வேலையைப் பற்றியதோ அவர்கள் கையில் கொடுங்கள். அவர்கள் 'இது தப்பு, இங்கே அப்படி நடக்கவில்லை' என்று சொன்னால் அதையும் குறித்துக்கொண்டு, அதன் பிறகு ஆங்கிலத்தில் இதழுக்கு அனுப்புங்கள்.